டி.என்.ஏ எழுத்திலிருந்து கணவாயின் உடம்பு வரை: செல் புரதம் கட்டும் முறை, படிப்படியாக

பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் ஒரு வரி வரும்: டி.என்.ஏ, அதிலிருந்து ஆர்.என்.ஏ, அதிலிருந்து புரதம். நடுவில் இரண்டு அம்புக்குறிகள். மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி பக்கத்துப் பிள்ளைகள் அந்த வரியை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் "ஜீனில் எழுதியிருப்பதுதான் அப்படியே புரதமாக வருகிறது" என்ற எண்ணம் அவர்கள் மனதில் ஒட்டிக்கொள்கிறது. அது பாதிதான் சரி. எழுத்துக்கும் புரதத்துக்கும் நடுவே செய்தி வெட்டப்படுகிறது, ஒட்டப்படுகிறது, சில உயிர்களில் எழுத்தே மாற்றப்படுகிறது. புரதம் வெளிவந்த பிறகும் மடிக்கப்படுகிறது, நறுக்கப்படுகிறது. அந்த இரண்டு அம்புக்குறிகளுக்குள் நடக்கும் இந்த வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. நம் கடற்கரையில் வலையில் ஏறும் உயிர்களே ஒவ்வொரு படிக்கும் ஒன்றாகக் கிடைக்கின்றன. இன்ட்ரான், அதாவது ஜீனுக்குள் புரதமாக மாறாத பகுதி, பற்றிப் பேச பேத்தை மீன், எழுத்துத் திருத்தத்துக்குக் கணவாய், மடிப்புக்கு நண்டு.

முதலில் புரதம் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது வகை அமினோ அமிலங்கள் உண்டு. அவை ஒரு குறிப்பிட்ட வரிசையில் நீளமாகக் கோக்கப்பட்டு, பிறகு ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால் அது புரதம். மீனின் தசை, நண்டின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் செம்பு கலந்த நீல ஹீமோசயனின், நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின், இரையைச் செரிக்கும் நொதிகள், நரம்பு செல்லின் சுவரில் அயனிகளை உள்ளே வெளியே விடும் வழிகள் எல்லாமே புரதம்தான். வரிசை மாறினால் வேலை மாறும்.

படி 1: ஜீனைப் படியெடுத்தல்

டி.என்.ஏ உட்கருவுக்குள் இருக்கிறது. அதில் நான்கு எழுத்துகள்: அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் எதிரெதிரே நிற்கும். ஏ எதிரில் டி, ஜி எதிரில் சி.

ஒரு புரதம் தேவைப்படும்போது, அதன் ஜீனுக்கு முன்னால் உள்ள தொடக்கப் பகுதியில் துணைப் புரதங்கள் வந்து அமர்கின்றன. ஆர்.என்.ஏ பாலிமரேஸ் என்ற நொதி அங்கே சேர்ந்து, இரண்டு இழைகளையும் கொஞ்ச தூரத்துக்குப் பிரித்து, ஒரு இழையைப் படித்தபடி அதற்கு எதிரான எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆர்.என்.ஏவில் தைமினுக்குப் பதில் யூராசில், அதாவது யூ. டி.என்.ஏவில் ஏ இருந்தால் ஆர்.என்.ஏவில் யூ வரும்.

இந்த இடத்தில்தான் செல் முதல் முடிவை எடுக்கிறது. ஒரே உடம்பின் எல்லா செல்லிலும் ஏறக்குறைய ஒரே டி.என்.ஏதான். ஆனால் தசை செல் தசைப் புரதத்தின் ஜீனைப் படியெடுக்கிறது, நரம்பு செல் அதைத் தொடுவதில்லை. எந்த ஜீனைத் திறப்பது, எவ்வளவு படி எடுப்பது என்பதில்தான் தசைக்கும் நரம்புக்கும் உள்ள வித்தியாசம் பிறக்கிறது.

வேகத்தையும் சொல்ல வேண்டும். பாலூட்டிகளின் செல்லில் பாலிமரேஸ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 எழுத்துகளைப் படிக்கிறது. நம் தசையில் இருக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதத்தின் ஜீன் 20 லட்சம் எழுத்துகளுக்கும் மேல் நீளம். ஒரே ஒரு படி எடுத்து முடிக்கச் சுமார் 16 மணி நேரம் பிடிக்கிறது.

படி 2: வெட்டி ஒட்டுதல்

படி எடுத்தாயிற்று. ஆனால் அது இன்னும் கச்சா நிலையில்தான் இருக்கிறது. முன்முனையில் மாற்றம் செய்யப்பட்ட ஒரு குவானைன் தொப்பியாகப் பொருத்தப்படுகிறது. பின்முனையில் ஏ எழுத்துகள் நீளமாகச் சேர்க்கப்படுகின்றன. இரண்டும் ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையாமல் காக்கின்றன, புரதம் கோக்கும் அமைப்பான ரைபோசோம் அதை அடையாளம் காணவும் உதவுகின்றன.

அப்புறம் பெரிய வேலை. ஜீனுக்குள் புரதத்துக்கான பகுதிகள் துண்டு துண்டாகத்தான் இருக்கின்றன. அந்தத் துண்டுகள் எக்ஸான்கள். நடுவே புரதமாக மாறாத பகுதிகள் இன்ட்ரான்கள். ஸ்பிளைசோசோம் என்ற பெரிய கூட்டு அமைப்பு இன்ட்ரான்களை வெட்டி எடுத்துவிட்டு எக்ஸான்களை இணைக்கிறது. மேலே சொன்ன டிஸ்ட்ரோஃபினில் 79 எக்ஸான்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளில் தொடங்கும் படி, வெட்டி முடிந்ததும் 14,000 எழுத்து அளவுக்கு வந்துவிடுகிறது.

இங்கேதான் பேத்தை வருகிறது. வலையில் ஏறியதும் உப்பிப் பந்து மாதிரி ஆகும் மீன், நம் கரையில் யாரும் வாங்காதது. அதன் ஜப்பானிய உறவான ஃபுகுவின் முழு மரபணுத் தொகுதியின் வரைவை 2002 இல் வெளியிட்டார்கள். மொத்தம் 40 கோடி எழுத்துகளுக்குள்தான். மனிதருடையது சுமார் 300 கோடி. ஜீன்களின் எண்ணிக்கையில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த மீனின் இன்ட்ரான்களும் ஜீன்களுக்கு இடையிலுள்ள பகுதிகளும் மிகக் குறுகியவை, அதனால்தான் இந்தச் சிறிய அளவு. உடம்பைக் கட்டுவதற்கு வேண்டிய எழுத்து எவ்வளவு, நடுவே நிற்கும் எழுத்து எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உயிர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எல்லா நேரமும் ஒரே மாதிரி வெட்டுவதும் இல்லை. ஒரு செல்லில் சேர்த்துக்கொண்ட எக்ஸானை இன்னொரு செல் விட்டுவிடலாம். அதனால் ஒரே ஜீனிலிருந்து பல புரதங்கள் கிடைக்கின்றன. மனிதரிடம் புரதத்துக்கான ஜீன்கள் சுமார் 20,000 தான் என்றாலும் புரத வகைகள் அதைவிடப் பல மடங்கு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதையெல்லாம் ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? அகரோஸ் என்ற பொருளில் செய்த மெல்லிய கூழ்ப்பலகையில் டி.என்.ஏவை வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். டி.என்.ஏ எதிர்மின் சுமை உள்ளது, எனவே நேர்மின் முனையை நோக்கி நகரும். குட்டையான துண்டு முன்னே ஓடும், நீளமானது பின்தங்கும். ஜீனின் துண்டையும், வெட்டி முடிந்த ஆர்.என்.ஏவிலிருந்து திருப்பி எடுத்த டி.என்.ஏவையும் பக்கத்தில் ஓடவிட்டால் இரண்டாவது குட்டையாகத் தெரியும். இன்ட்ரான் போய்விட்டது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்த அகரோஸ் கிடைப்பது அகாரிலிருந்து, அகார் கிடைப்பது கடற்பாசியிலிருந்து. பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்து பாசியும் கஞ்சிப்பாசியும் அகார் தரும் பாசிகள்தான். மூச்சடக்கி, பாறையில் கை கிழிய அவர்கள் செய்யும் வேலைக்கும் உயிரியல் ஆய்வகத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை நம் பள்ளிகளில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 3: எழுத்தையே திருத்துதல்

பாடப்புத்தகம் அதிகம் பேசாத படி இது. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் மிகப் பிடித்தது. பெரும்பாலான உயிர்களில் இது மிகச் சில இடங்களில்தான் புரதத்தை மாற்றுகிறது. கணவாயிடம் போனால் கதையே வேறு.

ஏடார் என்ற நொதி ஆர்.என்.ஏவில் உள்ள சில அடினைன்களைப் பிடித்து, அவற்றை ஐனோசின் என்ற வேறொன்றாக மாற்றுகிறது. ஐனோசினைப் படிக்கும் இடத்தில் ரைபோசோம் அதை ஜி என்று எடுத்துக்கொள்கிறது. ஆக டி.என்.ஏவில் ஏ என்று இருந்தது, புரதம் கட்டும்போது ஜி ஆகிவிடுகிறது. அமினோ அமிலம் மாறலாம், புரதத்தின் நடத்தை மாறலாம். டி.என்.ஏவில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஒரு கணவாயை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு, அமினோ அமிலத்தை மாற்றக்கூடிய இத்தகைய திருத்தங்களை 50,000 க்கும் மேற்பட்ட இடங்களில் கண்டது. நரம்பு மண்டலத்தில் படியெடுக்கப்படும் செய்திகளில் பாதிக்கு மேல் திருத்தப்படுகின்றன. கணவாய், ஆக்டோபஸ் இரண்டிலும் இப்படி. இவற்றின் தூரத்து உறவான, வெளியே ஓடுள்ள நாட்டிலஸில் இது மிகக் குறைவு. அதே கணவாயின் நரம்பு செல்லில், உட்கருவுக்கு வெளியே நீண்ட நரம்பிழையிலும் இந்தத் திருத்தம் நடக்கிறது என்று 2020 இல் காட்டினார்கள்.

கலிஃபோர்னியக் கரை ஆக்டோபஸ்களை வெதுவெதுப்பான நீரிலும் குளிர்ந்த நீரிலும் வைத்துப் பார்த்த ஆய்வு 2023 இல் வந்தது. நீர் குளிர்ந்ததும் ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தம் கூடியது. உடல் வெப்பம் கடலோடு சேர்ந்து ஏறி இறங்கும் உயிர் அது. குளிரில் நரம்புப் புரதங்கள் மந்தமாகும்போது, ஜீனைத் தொடாமல் செய்தியை மட்டும் மாற்றிச் சமாளிக்கிறது.

மன்னார் வளைகுடாக் கணவாய்களில் இந்தக் கணக்கை யாராவது நம் ஊர் மாணவர் ஒருவர் ஒரு நாள் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. பொருள் நம் கரையிலேயே கொட்டிக்கிடக்கிறது.

நமக்கும் இந்தத் திருத்தம் அறவே இல்லாமல் இல்லை. மூளையில் குளுட்டமேட் என்ற வேதிச் செய்தியைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம் ஒன்றில், குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்.என்.ஏ திருத்தத்தால் அர்ஜினின் என்ற வேறொன்று வருகிறது. அந்த ஆர்.என்.ஏவின் கிட்டத்தட்ட எல்லா நகல்களிலும் அது நடந்தாக வேண்டும். அந்த ஒரு மாற்றத்தால்தான் கால்சியம் கட்டுப்பாடில்லாமல் நரம்பு செல்லுக்குள் நுழையாமல் இருக்கிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். படியெடுத்தல், வெட்டுதல், திருத்துதல் என்று இங்கே வரிசைப்படுத்தியிருந்தாலும் செல்லுக்குள் அவை ஒன்றோடொன்று கலந்தே நடக்கின்றன. படியெடுப்பு முடியும் முன்பே வெட்டுதல் தொடங்கிவிடும்.

இவ்வளவும் முடிந்த ஆர்.என்.ஏவுக்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர். அது உட்கருவின் சுவரிலுள்ள துளைகள் வழியே வெளியே சைட்டோபிளாசத்துக்கு வருகிறது. சரியாக வெட்டப்படாதவற்றை உட்கரு பெரும்பாலும் வெளியே விடுவதில்லை.

படி 4: மூன்று மூன்றாகப் படித்தல்

நான்கு எழுத்துகளால் இருபது அமினோ அமிலங்களை எப்படிக் குறிப்பது? மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்தால் 64 சேர்க்கைகள் வரும். இவற்றின் பெயர் கோடான். 61 கோடான்கள் அமினோ அமிலங்களுக்கு, மீதி மூன்று "நிறுத்து" என்பதற்கு: யூ.ஏ.ஏ, யூ.ஏ.ஜி, யூ.ஜி.ஏ. தொடங்குவது ஏ.யூ.ஜி, அது மெத்தியோனினையும் குறிக்கும்.

1961 இல் நீரன்பர்க், மத்தே என்ற இரு ஆய்வாளர்கள் யூ எழுத்து மட்டும் தொடர்ந்து வரும் ஆர்.என்.ஏவைப் பாக்டீரியாச் சாற்றில் போட்டபோது ஃபினைல்அலனின் மட்டுமே கொண்ட சங்கிலி கிடைத்தது. யூ.யூ.யூ என்றால் ஃபினைல்அலனின். முதல் கோடான் அப்படித்தான் உடைபட்டது. மீதியைக் கண்டதில் பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவுக்குப் பெரும் பங்கு உண்டு. எழுத்து வரிசை தெரிந்த ஆர்.என்.ஏக்களை அவர் ஆய்வகத்தில் செய்து சோதித்தார். 1968 நோபல் பரிசு நீரன்பர்க், குரானா, ஹாலி மூவருக்கும்.

எங்கே தொடங்கிப் படிக்கிறோம் என்பது உயிர் போகும் விஷயம். இப்படிப் பாருங்கள். "கடல் மணல் படகு கிணறு" என்பதை இடைவெளி இல்லாமல், மும்மூன்று எழுத்தாகப் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தான "க" விழுந்துவிட்டால் "டல்ம, ணல்ப, டகுகி" என்று ஆகிவிடும். ஒரே எழுத்துதான் போனது, அதற்குப் பின்னால் ஒரு சொல்லும் தேறவில்லை. ஜீனிலும் இதேதான். ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் ஓர் அமினோ அமிலம்தான் மாறும், சில நேரம் அதுவும் மாறாது. ஓர் எழுத்து விழுந்தாலோ கூடினாலோ அந்த இடத்துக்குப் பிறகு எல்லாமே தப்பாகும்.

ஓர் அமினோ அமிலம் மாறினால் என்ன ஆகிவிடும் என்று எளிதாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. பேத்தையின் ஈரல், சினைப்பையில் உள்ள டெட்ரோடோடாக்சின் நம் நரம்பின் சோடியம் வழிகளை அடைத்து மூச்சை நிறுத்திவிடும். பேத்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் சோடியம் வழிப் புரதத்தில், நஞ்சு ஒட்டும் இடத்தில் ஒன்றிரண்டு அமினோ அமிலங்கள் வேறாக இருப்பதுதான் காரணம்.

படி 5: அமினோ அமிலத்தைக் கொண்டுவருதல்

கோடானுக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடி ஒட்டு எதுவும் கிடையாது. இரண்டையும் இணைப்பது கடத்து ஆர்.என்.ஏ. அதன் ஒரு முனையில் கோடானுக்கு எதிரான மூன்று எழுத்துகள், மறுமுனையில் அதற்குரிய அமினோ அமிலம். சரியான அமினோ அமிலத்தைச் சரியான கடத்து ஆர்.என்.ஏவில் பொருத்தும் நொதிகள் தனியாக உண்டு. எந்தக் கோடானுக்கு எந்த அமினோ அமிலம் என்ற மரபுக்குறியீட்டை உண்மையில் "அறிந்திருப்பவை" இந்த நொதிகள்தான். அவற்றில் சில தப்பாக ஏற்றியதைத் தாமே கழற்றிவிடவும் செய்கின்றன. இவை பிழை செய்தால் ரைபோசோம் கண்டுபிடிக்காது.

படி 6: ரைபோசோமில் கோத்தல்

ரைபோசோமுக்கு இரண்டு பகுதிகள், சிறியதும் பெரியதும். சிறிய பகுதி தூது ஆர்.என்.ஏவின் தொப்பி முனையில் அமர்ந்து, முதல் ஏ.யூ.ஜி கிடைக்கும்வரை நகர்கிறது. கிடைத்ததும் பெரிய பகுதி வந்து மேலே பொருந்துகிறது.

உள்ளே மூன்று இடங்கள். முதல் இடத்தில் புதிய கடத்து ஆர்.என்.ஏ தன் அமினோ அமிலத்தோடு நுழைகிறது. கோடானோடு பொருந்தினால் தங்கும், இல்லையென்றால் வெளியேறும். நடு இடத்தில் அதுவரை கட்டிய சங்கிலி இருக்கும். சங்கிலி அப்படியே புதிய அமினோ அமிலத்தின் மேல் மாற்றப்பட்டு, இரண்டையும் இணைக்கும் பெப்டைடு பிணைப்பு உருவாகும். பிறகு ரைபோசோம் மூன்று எழுத்து நகரும். வெறுமையான கடத்து ஆர்.என்.ஏ மூன்றாவது இடம் வழியே போய்விடும். திரும்பவும் அதே வேலை.

பாக்டீரியாவில் இது நொடிக்கு இருபது அமினோ அமிலம் வரை போகும். விலங்கு செல்களில் ஐந்தாறு. ஒவ்வொரு அமினோ அமிலத்தைச் சேர்க்கவும் ஆற்றல் மிகுந்த பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகின்றன: இரண்டு கடத்து ஆர்.என்.ஏவில் ஏற்ற, இரண்டு ரைபோசோமில். வளரும் செல் தன் ஆற்றலில் பெரும்பங்கைப் புரதம் கட்டவே செலவழிக்கிறது என்பதில் வியப்பில்லை.

பெப்டைடு பிணைப்பை உண்டாக்குவது ரைபோசோமின் புரதம் அல்ல, அதன் ஆர்.என்.ஏ. புரதம் கட்டும் வேலையின் மையத்தில் புரதமே இல்லை! ரைபோசோமின் அணு அளவிலான அமைப்பு 2000 வாக்கில் வெளிவந்த பிறகுதான் இது உறுதியானது. அந்த வேலைக்கான 2009 நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிறிய பகுதியின் அமைப்பை அவர் குழு கண்டது. மற்ற இருவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத்.

நிறுத்தக் கோடான் வந்ததும் அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்.என்.ஏ கிடையாது. விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து சங்கிலியை அறுத்துவிடுகிறது. அவ்வளவுதான்.

படி 7: மடிதல்

வெளிவந்த சங்கிலி மடியாமல் வேலை செய்யாது. பெரும்பாலும் அதன் அமினோ அமில வரிசையே எப்படி மடிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தப்பாக மடிந்துவிடாமல் துணைநிற்கும் புரதங்களும் உண்டு. எப்படியெல்லாம் மடிய முடியும், எப்படி முடியாது என்பதற்கு எல்லை போட்டுக் காட்டியது 1963 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு. இன்றும் ஒரு புரத அமைப்பு சரியா என்று பார்க்க உலகமெங்கும் அந்த எல்லைகளைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

மடிப்பு என்பதைக் கண்ணால் பார்க்க வீட்டு அடுப்பு போதும். நீலக்கால் நண்டை வேகவைத்தால் சிவக்கிறது, இல்லையா? ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி இருக்கிறது. அது நண்டின் இரையிலிருந்து வருவது. சிங்கி வகைகளில் நன்றாக ஆராயப்பட்ட கிரஸ்டாசயனின் போன்ற புரதங்கள் அந்த நிறமியைப் பிடித்து வளைத்து வைப்பதால் நிறம் நீலமாக மாறுகிறது. சூடு பட்டதும் புரதத்தின் மடிப்புக் கலைகிறது, பிடி விடுகிறது, நிறமி தன் சொந்தச் சிவப்பில் தெரிகிறது. ஓர் அமினோ அமிலமும் மாறவில்லை. வரிசை அப்படியே இருக்க, மடிப்பு மட்டும் போனது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டு நண்டை இறக்கினால் பாடம் மறக்கவே மறக்காது.

படி 8: பிற்பாடு செய்யும் மாற்றங்கள்

கூறல் மீனின் காற்றுப்பை நல்ல விலைக்குப் போகும், தெரியும்தானே. அது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசின். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கும். இந்த மூவிழை அமைப்பை 1954 இல் முன்வைத்ததும் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். அந்தச் சுருளை இறுக்கிப் பிடிப்பது ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம். அதற்கு 64 இல் ஒரு கோடானும் கிடையாது. புரோலினாகக் கோத்த பிறகு ஒரு நொதி அதை மாற்றுகிறது. அந்த நொதிக்கு வைட்டமின் சி வேண்டும். இல்லாவிட்டால் கொலாஜன் தளரும், ஈறில் இரத்தம் வடியும் ஸ்கர்வி வரும். ஜீனில் எந்தக் குறையும் இல்லாமலே புரதம் கெட்டுப்போகும் நிலை இது.

வெளியே அனுப்ப வேண்டிய புரதங்களின் முன்முனையில் முகவரியாக ஒரு துண்டு இருக்கும். வேலை முடிந்ததும் அது வெட்டப்படும். மன்னார் வளைகுடாவில் வாழும் கூம்பு வடிவச் சங்குகள் நஞ்சை இப்படித்தான் செய்கின்றன. முகவரித் துண்டு, நடுத்துண்டு, கடைசியில் நஞ்சு என நீளமாகக் கோத்து, பின்னால் நஞ்சை மட்டும் வெட்டி எடுக்கின்றன. ஒரு கூம்புச் சங்கின் 25 அமினோ அமில நஞ்சிலிருந்து சிகோனோடைடு என்ற வலி மருந்து வந்தது. அழகாக இருக்கிறதே என்று உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். சில வகைகள் கொட்டினால் ஆள் பிழைப்பது கடினம்.

நீங்களே செய்து பாருங்கள்

கோடான் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்கப்படும் டி.என்.ஏ இழை இது: டி.ஏ.சி – ஏ.ஏ.ஏ – ஜி.டி.சி – ஜி.ஜி.ஏ – ஏ.டி.டி.

தூது ஆர்.என்.ஏ: ஏ.யூ.ஜி – யூ.யூ.யூ – சி.ஏ.ஜி – சி.சி.யூ – யூ.ஏ.ஏ. புரதம்: மெத்தியோனின், ஃபினைல்அலனின், குளுட்டமின், புரோலின், நிறுத்து.

இப்போது கணவாய் செய்வதைச் செய்யுங்கள். மூன்றாவது கோடானின் ஏ எழுத்தை ஐனோசின் ஆக்குங்கள். ரைபோசோம் அதை சி.ஜி.ஜி என்று படிக்கும், குளுட்டமின் போய் அர்ஜினின் வரும். மின்சுமையில்லாத இடத்தில் நேர்மின் சுமை வந்துவிட்டது.

அடுத்து, திருத்தாத ஆர்.என்.ஏவின் இரண்டாவது கோடானில் ஒரு யூவை மட்டும் நீக்குங்கள். ஏ.யூ.ஜி – யூ.யூ.சி – ஏ.ஜி.சி – சி.யூ.யூ – ஏ.ஏ என்று வரும். இரண்டாவது கோடான் மாறியும் ஃபினைல்அலனினே கிடைக்கிறது, அதனால் முதலில் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றும். அதற்கப்புறம் குளுட்டமினுக்குப் பதில் செரின், புரோலினுக்குப் பதில் லியூசின். நிறுத்தக் கோடானும் காணாமல் போய்விட்டது, ஆகவே உண்மையான செல்லில் ரைபோசோம் இந்த இடத்தில் நிற்காமல் அடுத்த எழுத்துகளைப் படித்துக்கொண்டே போகும்.